வீங்கிய மூட்டில் தைலம் தேய்க்கலாமா?

மூட்டு வலித்தால் நம் வீடுகளில் முதலில் எடுப்பது தைல பாட்டிலைத்தான். தேய்மான வலிக்கு அது சரி. ஆனால் மூட்டு வீங்கிச் சூடாகி, கூடவே காய்ச்சல், பசியின்மை, உடல் பாரம் எல்லாம் வந்தால் ஆயுர்வேதம் அதை ஆமவாதம் என்கிறது. முடக்குவாதத்துக்கு மிக நெருங்கிய வர்ணனை இது.

மாதவ நிதானம் என்ற நூல் இதைத் தனி நோயாகவே விவரிக்கிறது. அதன் கணக்கில் கோளாறு தொடங்குவது வயிற்றில். செரிமான அக்கினி மந்தமாகிறது. அரைகுறையாகச் செரித்தது ஆமமாகிறது. வாதம் அதைக் கபத்தின் இடங்களான மூட்டுகளுக்குத் தள்ளுகிறது. ஆமம் கனமானது, பிசுபிசுப்பானது. எண்ணெய்க்கும் அதே குணம் என்பதால்தான் ஆரம்பத்தில் தைலத்துக்குப் பதில் வறுத்த மணலைத் துணியில் முடிந்து வறட்டு ஒத்தடம் கொடுக்கிறார்கள். அதற்கும் முன்னால் லங்கணம், அதாவது வயிற்றுக்கு ஓய்வு. உள்ளே கொடுக்கும் விளக்கெண்ணெய் மட்டும் விதிவிலக்கு: ஆமவாதம் என்ற யானைக்கு அது சிங்கம் என்று ஒரு பழைய சுலோகமே உண்டு. அதையும் வைத்தியர் அளவு சொல்லாமல் குடிக்க வேண்டாம், கர்ப்பிணிகள் அறவே கூடாது.

காரணம் என்றதும் பலர் மீனும் பாலும் போல ஒன்றுக்கொன்று ஒவ்வாத உணவுகளைச் சேர்த்துச் சாப்பிடும் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். அசையாமல் உட்கார்ந்திருப்பதையும், நெய் மிதக்கச் சாப்பிட்ட கையோடு உடலை வருத்துவதையும் அதே நூல் சேர்த்துச் சொல்கிறது. ஞாயிறு பிரியாணிக்குப் பின் நேரே ஷட்டில் ஆடப் போகிறவர்கள் கவனிக்கலாம்!

எல்லா வலியையும் 'வாதம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதும் தவறு. கவுட் (gout) என்ற மூட்டு நோயைப் போன்ற வாதரக்தத்துக்கு ஆயுர்வேத ஆசான் சரகர் தனி அத்தியாயமே வைத்திருக்கிறார். வைத்தியம் வேறு, பத்தியமும் வேறு.

எனக்குக் கவலை தருவது இன்னொன்று. ஆமம் என்பது ஒரு விளக்கமுறை. ரத்தப் பரிசோதனையில் அகப்படாது. முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது என்கிறது நவீன மருத்துவம். அந்தச் சேதம் முதல் ஓரிரு வருடங்களிலேயே எலும்பைத் தொடலாம், அரிக்கப்பட்ட எலும்பு திரும்ப வளராது. எனவே காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு நீடித்தால், வாரக்கணக்கில் கஷாயத்தோடு காத்திருக்காமல் மூட்டுநோய் மருத்துவரைப் பாருங்கள். முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. கூடவே சூரணமோ பஸ்பமோ சாப்பிட்டால் மருத்துவரிடம் மறைக்கவும் கூடாது. அந்த மாத்திரைக்கே கல்லீரல் பரிசோதனை அவ்வப்போது தேவை. சில பஸ்பங்களில் பாதரசம், ஈயம் இருக்கும்.