குடுக்கையைப் பார்த்து வாங்காதீர்கள், வாசலைப் பார்த்து வாங்குங்கள்

அமெரிக்கப் புறநகர்களில் சில வீடுகளின் பின்புறம் உயரமான கம்பம் ஒன்று நிற்கும். அதன் உச்சியில் நாலாபுறமும் வெள்ளை வெள்ளையாகக் குடுக்கைகள் தொங்கும். முதன்முறை பார்க்கும் தமிழருக்குத் திருஷ்டிப் பூசணிதான் நினைவுக்கு வரும். அவை பர்ப்பிள் மார்ட்டின் பறவைக்கான வீடுகள். தகைவிலான் குடும்பத்தில் வட அமெரிக்காவின் மிகப் பெரிய பறவை இது. குளிர்காலத்தைப் பிரேசில் பக்கம் கழித்துவிட்டு, குஞ்சு பொரிக்க வடக்கே திரும்புகிறது.

ஐரோப்பியர் வருவதற்கு முன்பே சாக்டா, சிக்கசா பழங்குடியினர் இந்தப் பறவைக்காகச் சுரைக்குடுக்கைகளைத் தொங்கவிட்டார்கள். நாம் கூட்டு வைத்துச் சாப்பிடும் சுரைக்காயின் அதே இனம்தான் அதுவும். அரிசோனாவில் இப்போதும் மார்ட்டின்கள் கள்ளிமரங்களில் மரங்கொத்தி குடைந்த பொந்துகளில் முட்டையிடுகின்றன. ஆனால் ராக்கி மலைக்குக் கிழக்கே அவை ஏறக்குறைய முழுவதும் மனிதர் வைக்கும் கூடுகளையே நம்பியிருக்கின்றன. அதனால் நீங்கள் மோசமான குடுக்கையை மாட்டினாலும் அதில் குடியேறிவிடும். நஷ்டம் குஞ்சுகளுக்கு.

கடையில் பிளாஸ்டிக் குடுக்கையைக் கையில் எடுப்பவர்கள் அதன் வடிவத்தையும் விலையையும் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது வாசலை. 1890இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் ஐரோப்பிய ஸ்டார்லிங் பறவைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். நம் மைனாவுக்கு உறவு. குணத்திலும் அதே அடாவடி. பொந்துக்குள் புகுந்து மார்ட்டின் முட்டைகளைக் குத்தும், சில சமயம் தாய்ப்பறவையையே கொன்றுவிடும். 2 1/8 அங்குல வட்ட வாசலில் மார்ட்டின் எவ்வளவு எளிதாக நுழைகிறதோ அவ்வளவு எளிதாக ஸ்டார்லிங்கும் நுழையும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் பிறை வடிவ வாசல். அகலம் சுமார் 3 அங்குலம், உயரம் 1 3/16 அங்குலம், அதாவது 30 மில்லிமீட்டர். மார்ட்டினுக்குக் குட்டைக் கால். வயிற்றைத் தரையோடு ஒட்டித் தவழ்ந்து உள்ளே போய்விடும். ஸ்டார்லிங்கால் அப்படிப் பதுங்க முடியாது. உயரம் ஒன்றரை மில்லிமீட்டர் கூடி ஒன்றேகால் அங்குலம் ஆகிவிட்டால் அதுவும் நுழைந்துவிடும். ஆகவே விளம்பரத்தில் ‘ஸ்டார்லிங் நுழையாது’ என்று எழுதியிருப்பதை நம்பி நிற்காமல் அளவுகோலை வைத்துப் பாருங்கள். உயரம் சரியாக இருந்தாலும், வாசல் அதன் முன்னால் பறவை வந்து இறங்கும் சிறு திண்ணைக்கு மேலே தூக்கலாக இருந்தால் பயனில்லை. வாசலின் அடிவிளிம்பு திண்ணைத் தளத்திலிருந்து அரை அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அந்தப் பதுங்கல்தான் பூட்டு. சில பிறை வாசல்களில் மார்ட்டினின் இறக்கை சிக்கிக்கொள்வதும் உண்டு. அதைத் தடுக்கும் அமைப்பு இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

பல ஆண்டுகளாக வட்ட வாசலுக்குப் பழகிய கூட்டத்துக்கு ஒரே வசந்தத்தில் எல்லா வாசல்களையும் பிறையாக மாற்றுவது அடுத்த தவறு. நுழையத் தெரியாமல் தவித்து இடத்தையே விட்டுப் போகலாம். சிலவற்றை மட்டும் மாற்றி, கூடு கட்டத் தொடங்கிய பிறகு மற்றவற்றையும் மாற்றுவது நல்லது.

எந்தப் பிறை வாசலும் சிட்டுக்குருவியைத் தடுக்காது. நம் ஊரில் சிட்டுக்குருவி தினம் கொண்டாடி, அட்டைப்பெட்டியில் அதற்குக் கூடு செய்து மாட்டுகிறோம். அமெரிக்காவில் அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட அந்நியப் பறவை. மார்ட்டின் முட்டைகளை உடைத்துக் கூட்டைப் பறித்துக்கொள்கிறது. 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டம் மார்ட்டினைக் காக்கிறது. சிட்டுக்குருவிக்கும் ஸ்டார்லிங்குக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே அவற்றின் கூடுகளை மீண்டும் மீண்டும் கலைத்துக்கொண்டே இருக்க வேண்டும். என்னைப் போன்றவர்களுக்கு மனம் ஒப்பாத வேலைதான். செய்ய முடியாதென்று தோன்றினால் கம்பம் நடாமல் இருப்பதே மேல்.

கலைப்பதற்குக் கை உள்ளே போக வேண்டுமே! பக்கவாட்டில் திருகுமூடி இல்லாத குடுக்கையை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மனிதக் கை பட்டால் தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுவிடும் என்ற பயத்தில் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. மார்ட்டின் அப்படிப்பட்டதல்ல, வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பதைப் பொறுத்துக்கொள்ளும். மழையில் நனைந்த கூட்டை, உண்ணி மொய்த்த கூட்டை எடுத்துவிட்டு உலர்ந்த மரச்சீவலோ பைன் இலையோ வைத்துக் குஞ்சுகளைத் திரும்ப விடலாம். மூடியின் வாய் கை தாராளமாக நுழையும் அளவு அகலமா என்று கடையிலேயே கையை விட்டுப் பாருங்கள்.

நிறம் வெள்ளையாகவே இருக்கட்டும். பச்சையும் பழுப்பும் தோட்டத்தோடு பொருந்தி அழகாக இருக்கும். கோடை வெயிலிலோ உள்ளே அடுப்பு. சூடு தாங்காமல் பறக்கத் தெரியாத குஞ்சுகள் வெளியே குதித்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக்கும் வேண்டாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விளக்குக் கூண்டு போல ஒளிரக் கூடாது. பொந்தில் வாழும் பறவைக்கு இருட்டு வேண்டும். அடியில் நீர் வடியத் துளை, மேலே மழை புகாத காற்றுத் துளை, குஞ்சின் கால் வழுக்காத சொரசொரப்பான உட்புறம் ஆகியவற்றையும் பாருங்கள். குறுக்களவு 8 அங்குலத்துக்குக் குறைந்தால் ஐந்தாறு குஞ்சுகளுக்கு நெருக்கடிதான்.

கம்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை: மரத்திலிருந்து குறைந்தது 40 அடி தள்ளி, கயிறும் உருளையும் கொண்டு இறக்கி ஏற்றக்கூடியதாக, பாம்பும், ரக்கூன் என்ற மரமேறும் விலங்கும் ஏறாதபடி தடுப்போடு இருக்க வேண்டும். ஏணி வைத்து ஏற வேண்டிய கம்பத்தில் யாரும் வாரந்தோறும் ஏற மாட்டார்கள்.

கொசுத் தொல்லை தீரும் என்று வாங்குபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மார்ட்டின் நாளொன்றுக்கு 2,000 கொசு தின்னும் என்பது கூடு விற்றவர்கள் பரப்பிய கதை. அது பகலில் உயரத்தில் பறந்து தட்டான், வண்டு, பட்டாம்பூச்சி போன்றவற்றைப் பிடிக்கிறது. கொசு அந்நேரம் புல்லுக்குள் இருக்கிறது.

முதல் ஆண்டில் பலர் செய்யும் இன்னொரு தவறு, பறவை வரவில்லை என்று அவசரப்பட்டுக் குடுக்கைகளைக் கழற்றி வைப்பது. முதிர்ந்த பறவைகள் பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பும். புது இடம் தேடுபவை முந்தைய ஆண்டு பிறந்த இளம் பறவைகள். அவை நான்கைந்து வாரம் பின்தங்கித்தான் வந்து சேரத் தொடங்கும். ஃப்ளோரிடாவில் முதல் மார்ட்டின் ஜனவரியிலேயே வந்துவிடும், வட மாநிலங்களில் ஏப்ரல் ஆகும். உங்கள் ஊர்க் கணக்கை அதிலிருந்து போட்டுக்கொண்டு, ஜூன் வரையாவது வாசலைத் திறந்து வையுங்கள்.