காரணம் பற்றி ரஸ்ஸல் சொன்னதைக் கால வரிசையில் படிப்பது எப்படி

முதலில் ஆண்டுகளைச் சரிபாருங்கள். காரணம் என்ற கருத்தைச் சாடும், பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் உரை 1912இல் லண்டனின் தத்துவச் சங்கமான அரிஸ்டாட்டிலியன் சங்கத்தில் வாசிக்கப்பட்டு 1913இல் அச்சானது. 1918இல் ஒரு கட்டுரைத் தொகுப்பிலும் சேர்ந்தது. தொகுப்பை மட்டும் பார்ப்பவர்கள் அதை அவரது 1914ஆம் ஆண்டு நூலுக்கு (புறவுலகைப் பற்றிய நம் அறிவு) பிந்தையது என்று எண்ணிக் குழம்புகிறார்கள்.

அடுத்து, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு தாள் ஒதுக்கி மூன்று குறிப்புகள் எழுதுங்கள்: எதை மறுக்கிறார், எதை விட்டுவைக்கிறார், எந்தக் கேள்விக்காக எழுதுகிறார். இரண்டாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் "காரணமே இல்லை என்றார் ரஸ்ஸல்" என்ற தவறான சுருக்கம் பரவுகிறது.

1913இல் அவர் மறுத்தது, "ஒரே காரணம் வந்தால் ஒரே விளைவு வரும்" என்ற விதியை. டிக்கெட் இயந்திரத்தில் காசைப் போட்டதற்கும் டிக்கெட் வருவதற்கும் நடுவில் நிலநடுக்கம் வந்து இயந்திரமே கவிழலாம். அதைத் தடுக்கச் சுற்றுப்புறம் முழுவதையும் காரணத்தில் சேர்த்தால், அந்த நிகழ்வு இன்னொரு முறை நடக்கவே நடக்காது, விதியால் பயனில்லை. அவர் விட்டுவைத்தது சமன்பாடுகளை. ஈர்ப்பு விசைக் கணக்கில் காரணம், விளைவு என்று எதையும் சுட்ட முடியாது, சூத்திரம் மட்டுமே உண்டு என்பது அவர் வாதம். இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். பின்னால் வருவதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

1948ஆம் ஆண்டின் மனித அறிவு பற்றிய நூலில் கேள்வி வேறு: புலன்களுக்கு எட்டியதிலிருந்து எட்டாததை எப்படி ஊகிக்கிறோம்? அதற்கு ஐந்து எடுகோள்கள் (நிரூபிக்காமலே ஏற்கும் அடிப்படைக் கருத்துகள்) வைக்கிறார். நடுநாயகம் 'காரணக் கோடு': மற்ற இடங்களில் என்ன நடந்தாலும், தொடரின் சில நிகழ்வுகளைக் கொண்டு பிறவற்றைப் பற்றி ஏதாவது ஊகிக்க முடிகிற நிகழ்ச்சித் தொடர். படிக்கும்போது "பெரும்பாலும்", "அடிக்கடி" போன்ற சொற்களுக்கு அடிக்கோடிடுங்கள். காரணம் வந்தால் விளைவு வந்தே தீரும் என்ற கட்டாயம் இங்கும் திரும்பி வரவில்லை. ஆகவே இதை முழு மனமாற்றம் என்று எழுதுவது பிழை என்பேன்.

இடையில் 1921ஆம் ஆண்டின் மனப் பகுப்பாய்வு நூலை விட்டுவிடாதீர்கள். சூடுபட்ட குழந்தை நெருப்பைக் கண்டு அஞ்சுவதை எடுத்துக்காட்டி (நமக்குச் சூடுகண்ட பூனை), பழைய அனுபவமும் இப்போதைய தூண்டலும் சேர்ந்தே செயலை விளக்குகின்றன என்கிறார். காரணம் என்ற சொல் அங்கே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்தால், 1948 திடீரென்று வந்த திருப்பம்போலத் தெரியும்.