சித்திரை வெயிலில் யாழ்ப்பாணத்தைச் சுற்றிக்காட்டுவது எப்படி

கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ ஆட்கள் வருகிறார்கள், நீங்கள்தான் கூட்டிக்கொண்டு திரிய வேண்டும், ஆனால் இதுவரை யாருக்கும் ஊரைக் காட்டிப் பழக்கமில்லை என்றால் இது உங்களுக்குத்தான். பங்குனிக் கடைசியிலிருந்து விடுமுறை, புத்தாண்டு என்று சனம் வரத் தொடங்கும், வெயிலும் அப்போதுதான் ஏறும். அதனால் எந்தெந்த இடம் என்று யோசிப்பதற்கு முன் எந்த இடத்துக்கு எத்தனை மணிக்கு என்று யோசியுங்கள். நேரம் சரியாக அமைந்தால் ஒரு நாளைக்கு மூன்று இடம் பார்த்தாலே போதும்.

1. முதலில் விசாரியுங்கள்

எத்தனை பேர், எத்தனை நாள், வயதானவர்கள் இருக்கிறார்களா, கைக்குழந்தை இருக்கிறதா. முழங்கால் வருத்தம் உள்ள அம்மம்மா ஒருவர் வருகிறார் என்றால் தீவுப் பயணத்தை அதற்கேற்ற மாதிரி மாற்ற வேண்டும், ஏனென்றால் படகில் கால் வைத்து ஏறுவதும், சில படகுகளில் குனிந்து கீழ்த்தட்டுக்கு இறங்குவதும் அவருக்கு இலேசான வேலை இல்லை. நாலைந்து பேருக்கு மேல் என்றால் நாள் வாடகைக்கு வான் பிடித்துவிடுங்கள்.

2. நாளை மூன்றாகப் பிரியுங்கள்

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் வரும். நண்பகலில் நிமிர்ந்து நின்றால் உங்கள் நிழல் காலடிக்குள்ளேயே கிடக்கும். ஆகவே காலை ஆறிலிருந்து பத்தரை வரை ஒரு பகுதி, நாலு மணிக்குப் பிறகு ஒரு பகுதி, இடையில் வீடு, சாப்பாடு, படுக்கை. “இவ்வளவு தூரம் வந்துவிட்டு மத்தியானம் படுப்பதா” என்று விருந்தாளிகள் கேட்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். மத்தியானம் அலைந்தவர்களுக்கு அடுத்த நாள் தலையிடிதான் மிஞ்சும்.

3. முதல் நாள்: நல்லூர், கோட்டை, பண்ணை

காலையில் நல்லூர்க் கந்தசுவாமி கோவில். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும், உள்ளே படம் எடுக்கக் கூடாது, இதையெல்லாம் வீட்டிலிருந்து வெளிக்கிடும்போதே சொல்லிவிடுங்கள். வாசலில் நின்று சொன்னால் வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் சங்கடப்படுவார்கள். வெயில் ஏறிவிட்டால் வீதி மணல் காலைச் சுட்டுவிடும், எட்டு மணிக்குள் போய்விடுவது நல்லது. திரும்பும் வழியில் மந்திரிமனை என்ற பழைய மாளிகையும் யாழ்ப்பாண அரசன் சங்கிலியனின் சிலையும் கிட்டத்தான்.

பின்னேரம் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐந்து மூலைக் கோட்டையாக மாற்றிக் கட்டினார்கள். மதில் கல்லைக் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அது முருகைக்கல், பழைய பவளத்தின் துளைகள் கண்ணுக்கே தெரியும், விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். மதிலுக்கு மேலே ஒதுங்க நிழல் கிடையாது, நாலரைக்கு முன் ஏறாதீர்கள்.

அங்கிருந்து அப்படியே பண்ணைப் பாலத்துக்கு நடக்கலாம். இரண்டு பக்கமும் கடல், ஆழமில்லாத தண்ணீரில் கம்பு நட்டு வலை கட்டியிருக்கும், பொழுது மேற்கில் தண்ணீருக்குள் இறங்கும். ஆறு மணிக்கு அங்கே நிற்கிற மாதிரிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. நூலகத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்

கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகப் போகிற போக்கில் காட்டிவிட்டு வராதீர்கள். 1981இல் எரிக்கப்பட்டது, ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின, திருத்திக் கட்டி 2003இல் திரும்பத் திறந்தார்கள். இதை வெளியே, சரஸ்வதி சிலைக்குப் பக்கத்தில் நின்று ஆறுதலாகச் சொல்லுங்கள், ஏனென்றால் உள்ளே பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள். எரிந்த கதையோடு நிறுத்தவும் வேண்டாம். இன்றைக்கும் சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகள் அங்கே வந்து இடம் பிடிக்கிறார்கள் என்பதையும் விருந்தாளிகள் தெரிந்துகொண்டு போக வேண்டும். பார்வையாளர் நேரத்தை வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. தீவு நாள்

விடியவே வெளிக்கிடுங்கள். பண்ணை வழியாகப் போய், புங்குடுதீவைக் கடந்து குறிகட்டுவான் இறங்குதுறை. நயினாதீவுக்குக் கால் மணித்தியாலம் அளவில் போய்விடலாம், நாகபூசணி அம்மன் கோவிலும் நாகவிகாரையும் நடக்கிற தூரத்தில்தான். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் வரை பிடிக்கும், அதற்கு முழு நாளையே கொடுங்கள்: கட்டைக் குதிரைகள், பெருக்கமரம், வீட்டுக்கு வீடு முருகைக்கல்லை அடுக்கிய வேலி. இரண்டு தீவையும் ஒரே நாளில் திணிக்கவே வேண்டாம்.

ஏறுவதற்கு முன்னரே திரும்பி வரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பாதுகாப்பு அங்கி தந்தால் போட்டுவிடுங்கள், பெரியவர்களும்தான். வைகாசிப் பக்கம் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் படகு நன்றாக ஆடும், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். ஆளுக்கொரு பெரிய தண்ணீர்ப் போத்தல், தொப்பி, துவாய். அவ்வளவும் போதும்.

6. குளிக்க ஒரு நாள்

பெரியவர்களுக்குக் கீரிமலை. கடலுக்கு ஒட்டியே கேணி, நிலத்தடி ஊற்றுத் தண்ணீர், இந்த வெயிலுக்குள் அதில் இறங்கினால் உடம்பு உடனே ஆறும். பெண்களுக்குத் தனிக் கேணி இருக்கிறது. மாற்று உடுப்பு மறக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் காரைநகர் கசூரினா, கடல் வெகுதூரம் ஆழமில்லாமல் போகும், சவுக்கு நிழலும் உண்டு. ஆனால் சொறிமுட்டை (ஜெல்லி மீன்) கரையொதுங்கியிருந்தால் யாரையும் இறக்காதீர்கள்.

7. வாய்க்கும் பைக்கும்

வைகாசி நெருங்கினால் தெருவோரம் நுங்கு வரும். கரண்டி கேட்கிறவர்களுக்குப் பெருவிரலைக் கண்ணுக்குள் விட்டுத் தோண்டி உறிஞ்சக் காட்டிக் கொடுங்கள், அதற்குமுன் வெள்ளைச் சட்டைக்காரரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், நுங்குக் கயர் பட்டால் கறை போகாது. ஒடியல் கூழை (காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது) ஒரு இரவாவது வீட்டில் காய்ச்சுங்கள். நண்டும் இறாலும் போட்டு எல்லோரும் சுற்றியிருந்து குடித்தால்தான் அது கூழ்.

புறப்படுவதற்கு முதல் நாள் சந்தை. குட்டானில், அதாவது சின்னப் பனையோலைப் பெட்டியில் கட்டிய பனங்கட்டி, புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு), பினாட்டு (காயவைத்த பனம்பழக் களி), வறுத்து இடித்த மிளகாய்த்தூள். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வந்துவிட்டதென்றால் நன்றாக முற்றிய காயாகப் பார்த்து வாங்கிக் கடதாசியில் சுற்றிக் கொடுங்கள், பழமாக வாங்கினால் கொழும்பு போவதற்குள் பையிலேயே நசிந்துவிடும்.