ஸ்பீக்கர் உறுமினால் உடனே ஆம்ப்ளிஃபயரைக் கழற்றாதீர்கள்

எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயர் சென்னை ரிச்சி தெருவில் டிரான்ஸ்பார்மர், போர்டு, கேபினெட் என்று தனித்தனியாக வாங்கிக் கோத்தது. பத்து வருடம் ஒழுங்காகப் பாடியது. திடீரென்று ஒருநாள், பாட்டை நிறுத்திய பிறகும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஓர் உறுமல். தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பவர் சப்ளையைச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சர் காய்ந்திருக்கும் என்று நான்கையும் மாற்றினார். அவர் கடையில் போட்டால் சத்தமே இல்லை. வீட்டுக்கு வந்தால் அதே உறுமல். மூன்றாவது முறை தூக்கிக்கொண்டு போனபோதுதான் அவர் கேட்டார்: "சார், வீட்டுல இதோட வேற என்னென்ன மாட்டியிருக்கீங்க?"

முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவரைக் குறை சொல்லவும் முடியாது. நான் பெட்டியை மட்டும்தானே கொண்டுபோனேன்!

சத்தம் எந்தப் பெட்டி வழியாக வெளியே வருகிறதோ அதுதான் குற்றவாளி என்று நினைப்பதுதான் இந்த விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறு. அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்காமலேயே வேலையில் இறங்குவது. உறுமல் ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா, ஆம்ப்ளிஃபயர் பெட்டியிலிருந்தே வருகிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிய பிறகும் பெட்டி முனகினால், அது டிரான்ஸ்பார்மரின் தகடு அதிரும் சத்தம். நட்டை இறுக்கினாலோ அடியில் ரப்பர் வைத்தாலோ அடங்கக்கூடும். அதற்கும் கேபிளுக்கும் சம்பந்தமில்லை.

ஸ்பீக்கரில்தான் வருகிறது என்றால், அடுத்துக் கேட்க வேண்டியது அதன் குரல். நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அடித்தொண்டையில் மெத்தென்று வரும் உறுமல் பெரும்பாலும் இந்த 50 ஹெர்ட்ஸ்தான். "கர்ர்ர்" என்று கூர்மையாக அறுப்பது 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். கண்டன்சர் காய்ந்தாலோ, ஃபேன் ரெகுலேட்டர், சார்ஜர் போன்றவை தொந்தரவு செய்தாலோ இந்த இரண்டாவது வகை வரும். செல்போனில் அலைவரிசை காட்டும் ஆப் போட்டும் பார்க்கலாம். ஆனால் பல போன்களின் மைக் அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாக எடுக்காது. காதையே நம்பலாம்.

அப்புறம் வால்யூம். முழுக்கக் குறைத்த பிறகும் உறுமல் அப்படியே இருந்தால் சிக்கல் வால்யூமுக்குப் பின்னால், அதாவது பவர் சப்ளையிலோ கடைசி ஆம்ப்ளிஃபயர் போர்டிலோ இருக்கிறது. வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அது உள்ளே வரும்போதே இரைச்சலோடு வருகிறது. ஆடியோ ஒயரின் முனையில் இருக்குமே, அந்த ஆர்.சி.ஏ. பின் பழையது ஒன்றை எடுத்து, அதில் நடு முனையையும் வெளி வளையத்தையும் சேர்த்துப் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆம்ப்ளிஃபயரின் இன்புட்டில் செருகினால் சத்தம் நிற்கிறதா? நின்றால் ஆம்ப்ளிஃபயர் நிரபராதி. இன்புட்டில் மட்டும் செருகுங்கள். அவுட்புட்டில் செருகினால் இருக்கிற தொல்லையோடு இன்னொன்றும் சேரும்.

இந்த இரண்டு சோதனைக்கும் ஐந்து நிமிடம்கூட ஆகாது. நான் செய்யவில்லை.

அடுத்தது ரிமோட் தவறு. டிவியை ரிமோட்டில் அணைத்துப் பார்த்துவிட்டு, "டிவியால் இல்லை" என்று முடிவுகட்டுவோம். பொருள் அணைந்தாலும் ஒயர் அதே இடத்தில்தானே செருகியிருக்கிறது? உறுமலுக்கு அந்த ஒயர் போதும். எனவே அணைப்பது போதாது, பிடுங்க வேண்டும். ஆம்ப்ளிஃபயருக்கு வரும் எல்லா ஒயர்களையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் சத்தம் நிற்கும், ஏன் நின்றது என்பது மட்டும் தெரியாது.

நான் அப்படி மாட்டிக்கொண்டே வந்ததில், செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் ஒயரை மாட்டிய நொடியில் உறுமல் வந்தது. உறுமல் ஆரம்பித்த வாரம்தான் மாடியில் கேபிள் லைனைப் புதிதாக இழுத்திருந்தார்கள். சத்தம் என்றைக்கு ஆரம்பித்தது, அதையொட்டி வீட்டிலோ பக்கத்திலோ என்ன மாறியது என்று யோசித்திருந்தால் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி அலைந்திருக்கவே வேண்டாம்.

நடந்தது இதுதான். ஆம்ப்ளிஃபயர் மூன்று பின் பிளக் வழியாக வீட்டு எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. கேபிள் ஒயரின் வெளிப் பின்னல் தெருவில் வேறெங்கோ எர்த்தைத் தொடுகிறது. இரண்டும் எர்த்தானாலும் அவற்றின் மின்னழுத்தம் ஒன்றல்ல. அந்தச் சின்ன வித்தியாசத்தால், செட்டாப் பாக்ஸிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வரும் ஆடியோ ஒயரின் பின்னல் வழியாக ஒரு மின்னோட்டம் ஓடும். ஆடியோ சிக்னலே ஒரு வோல்ட்டை ஒட்டித்தான் இருக்கும். அதில் சில மில்லிவோல்ட் 50 ஹெர்ட்ஸ் கலந்தாலே அமைதியான அறையில் நன்றாகக் கேட்கும். இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் மிக மோசமான தவறு நடக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் எர்த் பின்னை வெட்டிவிடுவது, அல்லது ரெண்டு பின் அடாப்டரில் செருகுவது. உறுமல் உடனே நின்றுவிடும். அதுதான் ஆபத்தே, வேலை முடிந்ததுபோல் தோன்றும். நாளைக்கு உள்ளே ஃபேஸ் ஒயர் ஒன்று விட்டுப்போய் இரும்புக் கேபினெட்டைத் தொட்டால், 230 வோல்ட்டும் அந்தக் கேபினெட்டில் காத்திருக்கும். எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும் அல்லது எம்.சி.பி. டிரிப் ஆகும். எர்த் இல்லாவிட்டால், தொடுகிறவர் உடம்பு வழியாகத்தான் அது போகும். எர்த்துக்குப் பதில் பிளக் பாயின்ட்டிலேயே நியூட்ரலைச் சேர்த்துவிடுவதும் இதே ரகம். செய்கிற எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். செய்ய விடாதீர்கள்.

எர்த்தை அப்படியே வைத்துக்கொண்டு, லூப்பை வேறு இடத்தில் வெட்டலாம். முதலில் டிவி, செட்டாப் பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் செருகிப் பாருங்கள். பல வீடுகளில் இதிலேயே முடிந்துவிடும். கேபிள் ஒயர்தான் காரணம் என்றால் அதற்கென்று ஐசோலேட்டர் கிடைக்கிறது; சிக்னலை விட்டுவிட்டு எர்த் தொடர்பை மட்டும் வெட்டும். டி.டி.எச். டிஷ் ஒயரில் மட்டும் அதைப் போடக்கூடாது. டிஷ் முனையில் சிக்னலைப் பிடிக்கும் எல்.என்.பி.க்கு அதே ஒயரில்தான் 13 அல்லது 18 வோல்ட் போகிறது. ஐசோலேட்டர் அதைத் தடுத்துவிட்டால் படமே வராது. அங்கே ஆடியோ ஒயரில் ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் போடலாம். மலிவானது பேஸைத் தின்றுவிடும், கேட்டுப் பார்த்து வாங்குங்கள். டிவியில் ஆப்டிகல் அவுட்டும் ஆம்ப்ளிஃபயரில் அதற்கான இன்புட்டும் இருந்தால் கவலையே இல்லை. அதில் போவது வெளிச்சம். மின்சாரம் அதில் ஓடாது.

ஆம்ப்ளிஃபயரின் இரும்பு உடம்பைத் தொட்டால் சத்தம் குறைகிறது என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் அந்த பாயின்ட்டில் எர்த்தே இல்லை, அல்லது கோடையில் எர்த் குழி காய்ந்துவிட்டது என்று அர்த்தம். தொட்டுத் தொட்டுப் பார்க்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கூர்மையான "கர்ர்ர்" என்றால் தேட வேண்டிய இடம் வேறு. முதல் சந்தேகம் ஃபேன் ரெகுலேட்டர் மேல். படி இல்லாமல் வழுக்கிக்கொண்டு திரும்பும் வகை, மின் அலையை நறுக்கி நறுக்கி அனுப்புகிறது. ஃபேனை நடு வேகத்தில் வைத்தால் இரைச்சல் ஏறி, முழு வேகத்தில் இறங்கினால் இதுதான். கண்டன்சர் வைத்த, படிப்படியாகத் திரும்பும் ரெகுலேட்டர் மாற்றினால் போதும். கரண்ட் போனால் மட்டும் சத்தம் வந்தால் இன்வெர்ட்டரைப் பாருங்கள், பழைய ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கும். லேப்டாப்பில் பாட்டு கேட்கும்போது இரைந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள்.

எது என்று பிடிபடாவிட்டால் பேட்டரியில் ஓடும் பழைய மீடியம் வேவ் ரேடியோவைத் தேடி எடுங்கள். ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தால், குற்றவாளியின் பக்கத்தில் இரைச்சல் எகிறும். ரேடியோவை மெல்லத் திருப்பினால் ஒரு நிலையில் இரைச்சல் அடங்கும். அப்போது உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் குச்சியின் முனை காட்டும் நேர்கோட்டில்தான் அந்தப் பொருள் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் உறுமலை மட்டும் ரேடியோவை வைத்துத் தேடாதீர்கள், அது ரேடியோவுக்குக் கேட்காது. அதேபோல ஒயரில் மாட்டும் ஃபெரைட் மணியால் உறுமல் போகாது; உயர்ந்த அலைவரிசைத் தொல்லைக்கு மட்டுமே அது உதவும். விலையுயர்ந்த பவர் கார்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

மெயினையே அணைத்த பிறகும் ரேடியோ இரைந்தால் காரணம் வெளியே. பக்கத்து வீடாக இருக்கலாம், கம்பத்தில் லூசான இணைப்பாகவும் இருக்கலாம். எந்த நேரத்தில் வருகிறது, மழையில் கூடுகிறதா குறைகிறதா என்று நான்கு நாள் குறித்துவைத்து மின்வாரிய அலுவலகத்தில் சொல்லுங்கள். கம்பத்தைத் தட்டிப் பார்க்கும் வேலை நமக்கு வேண்டாம்.

மெக்கானிக் கழற்றிய நான்கு கண்டன்சர்களையும் பையில் போட்டுக் கொடுத்திருந்தார். எல்லாம் அடங்கிய பிறகு மீட்டரில் அளந்து பார்த்தேன். நான்கும் நன்றாகவே இருந்தன.