கியர் லீவரில் காலைச் சும்மா வைக்காதீர்கள்
குயிக்‌ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் சென்சார் அமைப்பு) உள்ள ஸ்போர்ட்ஸ் பைக்கில், வளைவில் சாய்ந்திருக்கும்போது கியர் லீவரில் கால்விரல் பட்டுக்கொண்டே இருக்கக் கூடாது. லேசான அழுத்தத்தையும் கியர் மாற்றும் கட்டளையாக எடுத்துக்கொண்டு சென்சார் இன்ஜின் விசையைக் கணநேரம் துண்டித்துவிடலாம். அந்த ஒரு குலுக்கலே வண்டியை நிலைகுலையச் செய்யும். மேல் கியருக்குப் போகும்போது த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) திறந்தே வைத்து, லீவரை ஒரே வீச்சில் கடைசி வரை நகர்த்துங்கள். பிஎம்டபிள்யூ எஸ் 1000 ஆர்ஆர் போல மேல் கியர், கீழ் கியர் இரண்டுக்கும் இந்த அமைப்பு வேலை செய்யும் வண்டியில், கீழ் கியருக்கு வரும்போது மட்டும் த்ராட்டிலை மூடுங்கள். நெரிசலில் மெதுவாக ஊரும்போது கிளட்சே நல்லது.

டிராக்‌ஷன் கண்ட்ரோல் பின்சக்கரம் சுழன்று வழுக்குவதைத்தான் அடக்கும். ஈரச் சாலையில் பிரேக்கை அழுத்தி முன்சக்கரம் வழுக்கினால் அது கைகொடுக்காது. மழை என்றால் தயங்காமல் ரெயின் மோடுக்கு மாறுங்கள்.