ஷேக்கிள்டனின் எண்களை எடுத்தாளும்போது நேரும் தவறுகள்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நிக்கோலஸ் ஷேக்கிள்டன் (1937–2006) ஆழ்கடல் வண்டலில் கிடக்கும் ஃபோராமினிஃபெரா என்னும் ஒற்றைச்செல் கடலுயிரிகளின் ஓடுகளிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணுக்களை) அளந்து, பனிக்காலங்களின் வரிசையை நிறுவியவர்களில் முதன்மையானவர். அவருடைய கட்டுரைகள் நாற்பது ஆண்டுகளாகத் திருத்தப்பட்டுக்கொண்டே வந்தவை. திருத்தியவர்களில் அவரும் ஒருவர். ஆகவே ஓர் எண்ணை எடுக்கும் முன் அது எந்த ஆண்டுக் கட்டுரையில் உள்ளது என்று பார்க்க வேண்டும்.

ஓடுகளில் கனமான ஆக்சிஜன்-18இன் விகிதம் காலத்தோடு மாறுவதைக் காட்டும் வளைகோட்டை வெப்பமானியாகப் படிப்பது மிகப் பழைய தவறு. 1955இல் செசாரே எமிலியானி அந்த ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதி கடல் மேற்பரப்பு வெப்பநிலையால் வந்தது என்றார். 1967இல் ஷேக்கிள்டன் அதை மறுத்தார். கடலடியில் வாழ்ந்த உயிரிகளின் ஓடுகளிலும் ஏறக்குறைய அதே மாற்றம் தெரிகிறது. ஆனால் உறைநிலையை ஒட்டியிருக்கும் ஆழ்நீர் மேலும் பல டிகிரி குளிர வழியில்லை. லேசான ஆக்சிஜன்-16 பனித்தகடுகளில் சிக்கிக்கொண்டதால் கடல்நீரே கனத்திருக்கிறது. அதற்காக, 'எல்லாமே பனி அளவுதான்' என்று எதிர்க்கோடிக்குப் போவதும் பிழை. கடலடி ஓடுகளில் ஆழ்நீர் வெப்பநிலைக்கும் கணிசமான பங்கு உண்டு. 2000இல் அவரே இவ்விரண்டையும் பிரித்துக் காட்டி, பனிக்காலங்களின் 1,00,000 ஆண்டுச் சுழற்சியில் பனி அளவு வெப்பநிலைக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் பின்தங்கி வருகிறது என்று எழுதினார்.

அதிகம் சிக்கவைப்பது வயதுதான். 1973இல் நீல் ஆப்டைக்குடன் சேர்ந்து அவர் ஆய்ந்த பசிபிக் வண்டல் உருளை வி28-238இல், புவியின் காந்தப்புலம் கடைசியாக வடக்கு தெற்காகப் புரண்டதன் அடையாளம் 1,200 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது. அன்று அதற்குக் கொடுத்த வயது 7,00,000 ஆண்டு. வண்டல் சீராகப் படிந்தது என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1.7 செ.மீ. 1990இல் ஷேக்கிள்டனும் பெர்கரும் பெல்டியரும் புவியின் சுற்றுப்பாதைக் கணக்கை வைத்து அந்த வயதை 7,80,000 ஆக உயர்த்தினார்கள். ஆர்கான் காலக்கணிப்பும் பிறகு அதை ஒட்டியே வந்தது. இதே கணக்கில் 600 செ.மீ. ஆழத்தின் வயது 3,50,000இலிருந்து 3,90,000 ஆகிறது. 1973 அட்டவணையின் வயதை இன்றைய வரைபடத்தில் ஒட்டினால் ஒரு குளிர்கட்டம் வெப்பகட்டத்தின் மேல் போய் உட்கார்ந்துவிடும். ஆழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வயதைப் புதிதாகக் கணக்கிடுங்கள்.

வளைகோட்டின் ஏற்ற இறக்கத்தைப் புவியின் சுற்றுப்பாதை மாற்றங்களோடு பொருத்திப் பெற்ற வயதை வைத்தே 'காலநிலை சுற்றுப்பாதையைப் பின்பற்றுகிறது' என்று நிரூபிப்பது வட்ட வாதம். 57 ஆழ்கடல் வண்டல் பதிவுகளைத் தொகுத்த 2005ஆம் ஆண்டின் லிசியெக்கி–ரேமோ அளவுகோலில் வயதுப் பிழை கடைசிப் பத்து லட்சம் ஆண்டுகளுக்குச் சுமார் 4,000 ஆண்டு. அதற்கும் குறைவான முந்தல் பிந்தலைப் பேசுவதில் பொருளில்லை. ஆனால் பனிக்காலச் சுழற்சிகளைச் சுற்றுப்பாதையோடு இணைத்த ஹேஸ், இம்ப்ரி, ஷேக்கிள்டன் மூவரின் 1976 கட்டுரைமீது இதே குற்றத்தைச் சுமத்துவது நியாயமல்ல. முதலில் சில வயதுப் புள்ளிகளை மட்டும் வைத்தே அவர்கள் சுழற்சிகளைக் கண்டார்கள். பொருத்தியது அதன் பிறகுதான்.

இனங்களைக் கலப்பது இன்னொரு வம்பு. கடலடி ஃபோராமினிஃபெராவில் இரு வகைகள் சிபிசிடாய்டிஸ், யுவிஜெரினா. ஒரே நீரில் வாழ்ந்தாலும் சிபிசிடாய்டிஸ் ஓடு, யுவிஜெரினா ஓட்டைவிட ஆக்சிஜன்-18 அளவில் ஆயிரத்துக்கு 0.64 லேசாக இருக்கும். சிபிசிடாய்டிஸ் அளவோடு அந்த 0.64ஐக் கூட்டாமல் இரண்டையும் ஒரே கோட்டில் இணைத்தால் ஏறக்குறைய 3 டிகிரிக்குப் பொய்யான வெப்பமாற்றம் முளைக்கும். பல தரவுக் கோப்புகளில் ஏற்கெனவே கூட்டியிருப்பார்கள். கோப்பின் தலைப்புக் குறிப்பைப் படிக்காமல் மறுபடி கூட்டிவிடாதீர்கள்.

வளைகோட்டின் பகுதிகளுக்கு இன்றிலிருந்து பின்னோக்கிக் கொடுத்த கட்ட எண்களில் ஒற்றைப்படை வெப்பம், இரட்டைப்படை குளிர். ஆனால் 3ஆம் கட்டம் பனிக்காலத்துக்கு உள்ளேயே வருவது. 5ஆம் கட்டம் முழுவதும் இன்றைப்போல வெப்பமாக இருக்கவில்லை. அதில் 5இ என்ற உட்கட்டம் மட்டுமே அப்படி, சுமார் 1,30,000 முதல் 1,15,000 ஆண்டுகளுக்கு முன்பு. வரைபடத்தின் செங்குத்து அச்சு பெரும்பாலும் தலைகீழாக இருக்கும்: சிறிய ஆக்சிஜன்-18 எண் மேலே, வெப்பமும் மேலே.