திருவிழா கூட்டத்துக்கு மேல ட்ரோன் வந்தா என்ன பண்ணணும்: தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கத்து கோயில் பாதுகாப்பு டீமுக்கு

போன வருஷம் தைப்பூசத்தன்னிக்கு எங்க கோயில்ல காவடி உள்ள நுழையுற நேரம், தென்னமர உசரம்கூட இருக்காது, ஒரு ட்ரோன் வந்து அப்படியே நின்னுச்சு. ஜனமெல்லாம் அண்ணாந்து பாக்குது, முன்னாடி போறவங்க டக்குனு நின்னுட்டாங்க, பின்னாடி முதுகுல கொக்கி மாட்டி தேர் இழுத்துட்டு வர்ற பையன், அவனுக்குப் பின்னாடி கூட்டம் நெருக்குது, எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு. முருகன் புண்ணியத்துல யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா டூட்டியில நின்ன எங்க ஆளுங்க அத்தன பேரும் மேலதான் பாத்துட்டு இருந்தோம், அத ஓட்டுனவன் எங்க நிக்கிறான்னு தேடணும்னு ஒருத்தருக்கும் தோணல. அதுக்கப்புறம் ட்ரோன் வந்தா சொல்ற ஒரு கையடக்க டிடெக்டர் பெட்டி வாங்கி பழகினோம். மவுண்ட் எட்ஜ்கோம், இசிப்பிங்கோ மாதிரி ஈஸ்டர் லீவுல வர்ற கூட்டம் தாங்குற கோயில் டீமுக்கும் உதவும்னு எழுதுறேன்.

மொதல்ல அந்த பெட்டி என்ன செய்யுதுன்னு புரிஞ்சுக்கோங்க. கடையில கிடைக்கிற ட்ரோன் பெரும்பாலும் 2.4 இல்லன்னா 5.8 கிகாஹெர்ட்ஸ்ல ரிமோட்டோட பேசிக்கிட்டே இருக்கும், வீடியோவும் அதுலதான் கீழ வருது. டிடெக்டர் எதையும் அனுப்பாது, அந்த பேச்ச காது குடுத்து கேக்கும், அவ்ளோதான். இடுப்புல மாட்டிக்கிற சைஸ்ல, ட்ரோன்ஷீல்ட் கம்பெனியோட ஆர்எஃப்பட்ரோல் மாதிரி, வருது. சாதா பெட்டின்னா "இருக்கு, சிக்னல் இவ்ளோ"ன்னு மட்டும் சொல்லும், இன்னும் நல்லதுன்னா ட்ரோன் தன்னப் பத்தி அனுப்புற தகவலையும் படிச்சு, ஓட்டுறவர் நிக்கிற இடத்த மேப்லயே காட்டிடும். வாங்குறப்போ எத்தன கிலோமீட்டர்னு கேக்காதீங்க, அது தடையே இல்லாத வெட்டவெளி கணக்கு. எந்தெந்த மாடல படிக்கும், அப்டேட் எத்தன மாசத்துக்கு ஒருக்கா வரும்னு கேளுங்க, முடிஞ்சா கோயில் வாசல்லயே ட்ரோன் பறக்கவிட்டு காட்டச் சொல்லுங்க.

காசு இல்லாத கோயில்னா ஆண்ட்ராய்ட் போன்ல ரிமோட் ஐடி, அதாவது ட்ரோன் தன்னப் பத்தி அனுப்புற அடையாளத் தகவல், அத படிக்கிற ஃப்ரீ ஆப் போட்டுக்கலாம். அமெரிக்காவுல 2024 மார்ச் 16ல இருந்து ட்ரோன்ல ரிமோட் ஐடி இருக்கணும்னு கறாரா அமல்படுத்துறாங்க, ஐரோப்பாவுலயும் 2024ல இருந்து வந்துடுச்சு. ப்ளூடூத், வைஃபை வழியாதான் வர்றதால தூரம் கம்மி, இங்க பறக்குற ட்ரோன்ல அது ஆன் பண்ணியிருக்கும்னும் நம்பி உக்காரக்கூடாது. ஒண்ணுமே இல்லாததுக்கு இது தேவல.

இப்ப முக்கியமான வேலை, இதத்தான் எல்லாரும் விட்டுடுறாங்க. விழாவுக்கு முந்தின நாள், காவடி வர்ற அதே நேரத்துக்கு பெட்டிய ஆன் பண்ணி ஊர்வல வழி முழுக்க நடங்க. நம்ம ஏரியாவுல வீட்டுக் கூரைக்கு கூரை இன்டர்நெட் டிஷ் 5.8லயே ஓடுது, சாப்பாட்டு ஸ்டால் மைக்ரோவேவ் 2.4ல கத்தும், கோயில் லைவ் ஸ்ட்ரீமுக்கு வைஃபை வேற. எங்க நின்னா பெட்டி சும்மாவே கத்துதுன்னு பேப்பர்ல எழுதி வைங்க. அத தெரிஞ்சுக்காம போனா விழா அன்னிக்கு பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா அலாரம், மதியத்துக்குள்ள ஆளுங்க சவுண்ட ஆஃப் பண்ணிடுவாங்க, எங்களுக்கு மொத தடவ அதான் நடந்துச்சு. கோயிலே ஏற்பாடு பண்ண ட்ரோன் இருந்தா அதோட சீரியல் நம்பரயும் பறக்குற நேரத்தயும் முன்னாடியே வாங்கிடுங்க.

சத்தத்த வெச்சு கண்டுபிடிக்கிற கருவிக்கு காசு போடாதீங்க, உறுமியும் தவிலும் அடிக்கிற இடத்துல அதுக்கு ஒண்ணும் கேக்காது. ரேடாரும் நமக்கு ஒத்துவராது, டர்பன்ல ஹடீடா பறவக் கூட்டம் ஒண்ணு கத்திக்கிட்டு பறந்தாலே சின்ன ரேடாருக்கு கொழப்பம்தான்.

விழா அன்னிக்கு ரெண்டு பேர வெச்சுக்கோங்க, ரெண்டு பேருக்கும் இடையில நூத்தம்பது, எறநூறு மீட்டர் இருக்கட்டும். அலாரம் வந்தா பெட்டிய நெஞ்சோட ஒட்டி வெச்சுக்கிட்டு மெதுவா ஒரு சுத்து திரும்புங்க, சிக்னல் ரொம்ப எறங்குற திசைக்கு நேர் எதிர்பக்கம், அதாவது உங்க முதுகுப் பக்கம்தான் அது இருக்கு, ஏன்னா உங்க உடம்பே சிக்னல மறைக்குது. திசை ஆன்டெனா இருந்தா இன்னும் சுலபம், எங்க அதிகமோ அங்க. ரெண்டு பேரும் போன் காம்பஸ்ல டிகிரிய பாத்து வாக்கி டாக்கியில சொன்னா, மேப்ல ரெண்டு கோடு வெட்டுற இடம் கிடைக்கும். இரும்புத் தேர், பக்கி (பிக்கப்) வண்டி பக்கத்துல நின்னு காம்பஸ் பாக்காதீங்க, தப்பா காட்டும்.

ஆனா இப்படி கிடைக்கிறது பெரும்பாலும் ட்ரோன் இருக்கிற திசை, ஏன்னா உசரத்துல இருந்து வர்ற வீடியோ சிக்னல்தான் பலமா கேக்கும், கீழ இருக்கிற ரிமோட் சிக்னல் மதிலுக்கும் கூட்டத்துக்கும் நடுவுல அமுங்கிடும். அதனால மூணாவதா ஒரு ஆள, கண்ணு நல்லா தெரியுற சின்ன பையனோ பொண்ணோ, ட்ரோன விடாம பாக்க வைங்க. இந்த சைஸ் ட்ரோன் அரை மணி, முக்கால் மணிக்கு மேல தாங்காது, பேட்டரி எறங்குனா கிளம்பின இடத்துக்குத்தான் திரும்பிப் போகும். இந்த வருஷம் நாங்க அப்படித்தான் பிடிச்சோம், பின்தெருவுல ஒரு மொட்ட மாடி, ஒரு தம்பி, அண்ணன் காவடி எடுக்கிறத பாட்டிக்காக வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தான். எங்க கமிட்டி அங்கிள் ஒருத்தர் போய் "தம்பி, மொதல்ல மெதுவா எறக்கு, அப்புறம் பேசலாம்"னாரு. அந்த வார்த்தைய அப்படியே வெச்சுக்கோங்க. ரிமோட்ட பிடுங்கவே கூடாது, அவன் பதறுனா கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை கூட்டத்து மேல விழும்.

எறக்குனதுக்கு அப்புறம் விதிய சொல்லுங்க: பொழுதுபோக்குக்கு ஓட்டுறவங்க ஆளுங்ககிட்ட இருந்து 50 மீட்டருக்குள்ள வரக்கூடாது, 150 அடிக்கு மேல போகக்கூடாது, விமான நிலையத்துல இருந்து 10 கிலோமீட்டருக்குள்ள கூடவே கூடாது. மவுண்ட் எட்ஜ்கோம், டர்பன் வர்ஜீனியா ஏர்போர்ட்ல இருந்து அந்த 10க்குள்ளதான் வருது.

ஜாமர், அதாவது சிக்னலயே அமுக்குற கருவி, வாங்கலாமான்னு ரெண்டு கோயில்ல கேட்டாங்க. வேண்டாம், கை கூப்பி கேக்குறேன். அரசு பாதுகாப்பு துறைய தவிர யாரும் இங்க ஜாமர் வெச்சிருக்கக் கூடாது, 2015 பிப்ரவரியில நம்ம நாட்டு நாடாளுமன்றத்துலயே போன் சிக்னல அமுக்கினதுக்கு எவ்ளோ பெரிய ரகளை ஆச்சுன்னு ஞாபகம் இருக்கும். அதோட கார்டு மெஷின், லைவ் ஸ்ட்ரீம் எல்லாம் படுத்துடும், ட்ரோன் எங்க போய் விழும்னும் தெரியாது. துப்பாக்கி வெச்சிருக்கிற செக்யூரிட்டி ஆளுங்ககிட்டயும் காலையிலயே தெளிவா சொல்லிடுங்க, சுடுற பேச்சே கிடையாது.

பெட்டி கத்தலன்னா வானத்துல ஒண்ணும் இல்லன்னும் நினைக்காதீங்க, முன்னாடியே வழி போட்டு தானா பறக்குற ட்ரோன் பேசாமலே வந்துடும். அதே மாதிரி யாரோ பாத்தேன்னு சொன்னதுக்காக ஊர்வலத்த நிறுத்தாதீங்க. 2018 டிசம்பர்ல லண்டன் கேட்விக் ஏர்போர்ட்ல ட்ரோன் பாத்தோம்னு சொன்னத வெச்சு சுமார் 1,000 விமானம், 1,40,000 பயணிகள் பாதிச்சாங்க, கடைசி வரைக்கும் யார் மேலயும் அதுக்கு கேஸ் நிக்கல. பெட்டி ஒண்ணு, கண்ணு ஒண்ணு, ரெண்டும் ஒத்துவந்தாதான் கண்ட்ரோல் ரூமுக்கு சொல்லணும். சொல்றப்போ நேரம், திசை, உசரம், கலர், எந்தப் பக்கம் போகுது, இவ்ளோ போதும். யார் வீட்டு மாடின்னு வாக்கி டாக்கியில சத்தமா சொல்லாதீங்க, பத்து பேர் அங்க ஓடிடுவாங்க, போலீஸ்கிட்ட தனியா சொல்லுங்க, வாட்ஸாப் குரூப்லயும் போடாதீங்க.

பவர் பேங்க் ரெண்டு எடுத்துக்கோங்க, முந்தின ராத்திரி கரண்ட் போனா சார்ஜ் ஏறியிருக்காது.